கேள்வியும் வாசிப்பும்

வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வகுத்தார். கற்றவர் சொல்வதைச் செவிவழியாகப் பெறுவதையே அவர் கேள்வி என்றார். இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் கேள்வி என்றால் என்னவென்று வினவினால் அவர் வினாத்தாளையே நினைப்பார். அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டென்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு சொல் தன் பொருளில் பாதியை இழந்த இந்தக் கதைக்குள்ளேயே, நம் பிள்ளைகள் வாசிப்பின் சுவையை இழந்த கதையும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்னும் முறையீடு எங்கும் கேட்கிறது. பெற்றோர் கூட்டத்திலும், ஜமாஅத் கூட்டத்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சுத்தான். பேசி முடித்ததும் பழி முழுவதையும் கைபேசியின்மேல் ஏற்றிவிட்டுக் கலைந்து செல்கிறோம். படியிறங்கும்போதே நாமும் நம் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். கைபேசிக்கு இதில் பங்கில்லை என்று வாதிட நாம் வரவில்லை. ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஆம் ஆண்டுக்கான அசர் அறிக்கை, 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள இளையோரை ஆராய்ந்தது. தமிழகத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் அதில் இடம்பெற்றது. அந்த இளையோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேரின் வீட்டில் திறன்பேசி உண்டு. அதனைக் கையாளவும் அவர்கள் அறிவர். அதே இளையோருள் நூற்றுக்கு 25 பேரால் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைத் தத்தம் வட்டார மொழியில் தடையின்றிப் படிக்க இயலவில்லை. முதல் எண்ணைக் கைபேசியின் கணக்கில் எழுதலாம். இரண்டாவது எண்ணை யார் கணக்கில் எழுதுவது? இரண்டாம் வகுப்பில் கைவந்திருக்க வேண்டிய திறன் பதினான்கு வயதிலும் வரவில்லையெனில், அதற்கிடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியும் வீடும் ஊரும் என்ன செய்துகொண்டிருந்தன? எழுத்துக்கு எழுத்து இடறி விழுகின்ற பிள்ளைக்கு வாசிப்பு இன்பமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. எஞ்சிய 75 பேரும் சுவைத்து வாசிக்கிறார்கள் என்றும் அந்தக் கணக்கு சொல்லவில்லை.

தொடக்கப் பள்ளியில் பணியாற்றுவோர் அறிவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கதை சொல்கிறோம் என்றால் சத்தமெல்லாம் அடங்கிவிடும். நேற்றுச் சொன்ன அதே கதையை இன்றும் சொல்லுமாறு கேட்பார்கள். ஒரு சொல் மாறினாலும் திருத்துவார்கள். இந்தப் பிள்ளைகளே ஆறேழு ஆண்டுகளில் புத்தகத்தைக் கண்டவுடன் கொட்டாவி விடுவோராக மாறுகின்றனர். கதையின்மேல் இருந்த பசி எங்கே போயிற்று? போகவில்லை, அது திரைப்படத்திற்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் கைபேசிக் காணொளிக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது. அச்சிட்ட பக்கத்தை நாடி மட்டும் அது வருவதில்லை. ஏனெனில் அச்சிட்ட பக்கம் எதுவும் இந்த ஆறேழு ஆண்டுகளில் அவர்களிடம் சும்மா வந்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் கோடிட்ட இடமும், பொருத்துகவும், குறுவினாவும், நெடுவினாவும் வந்து நின்றன. விருந்துண்டு எழுந்தவனிடம் எத்தனை கறி, எத்தனை கூட்டு, அவற்றின் பயன் யாது என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் அடுத்த விருந்துக்கு வரமாட்டான்.

இதற்குப் பாடநூலைக் குறை கூறுவது நன்றியற்ற செயலாகும். 2019 இல் நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலின் ஒரு பகுதி விரிவானமாக அமைந்தது, கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' சிறுகதையும் அவ்வாறே அமைந்தது. பள்ளிக் கல்வியை முழுதாக முடிக்காத கரிசல் விவசாயி ஒருவரின் எழுத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் வைத்தமைக்கு அக்குழுவினரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கதைகள் மாணவரைச் சென்றடைந்த வழியைப் பாருங்கள். விரிவானத்திற்கு எட்டு மதிப்பெண். எட்டு மதிப்பெண்ணுக்குக் குறிப்புச் சட்டகம், முன்னுரை, மூன்று உள்தலைப்பு, முடிவுரை. இவையனைத்தும் நோட்ஸ் புத்தகத்தில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அதனை மனனம் செய்தவர் கதையைத் திறந்தே பார்க்காமல் எட்டுக்கு ஏழரை வாங்கிவிடலாம், வாங்குகிறார்கள். தமிழில் தொண்ணூறுக்கு மேல் பெற்று நம் கல்லூரிக்கு வரும் முதலாமாண்டு மாணவருள், முழுக் கதை ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை தாமாக வாசித்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். உயரும் கைகளை எண்ண ஒரு கை விரல்களே போதும்.

கடந்த கல்வியாண்டில் நம் துறையின் மாணவ மாணவியர் சிலர் அருகிலுள்ள பள்ளியொன்றுக்கு வாரம் ஒருநாள் சென்றனர். தலைமையாசிரியர் மனமுவந்து கடைசிப் பாடவேளையைத் தந்தார். பணி ஒன்றே ஒன்றுதான்: பத்தாம் வகுப்பில் ஒரு கதையை உரக்க வாசித்துவிட்டுத் திரும்பி வருதல். விளக்கம் கூடாது, குறிப்பெழுதச் சொல்லக் கூடாது, இறுதியில் ஒரு வினாவும் எழுப்பக் கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம். முதல் வாரம் சென்றவர்களை வகுப்பு வரவேற்ற வாசகம், "இதுல இருந்து கேள்வி வருமாக்கா?" என்பது. வராது என்றதும் பின்வரிசையில் நான்கு பேர் நிம்மதியாகத் தலைசாய்த்து உறங்கினர். உறங்கட்டும் என்று விட்டுவிட்டனர். அதுவும் நாம் சொல்லி அனுப்பியதே.

மூன்றாம் வாரம் 'ஒருவன் இருக்கிறான்' வாசிக்கப்பட்டது. நாமும் உடன் சென்றிருந்தோம். நோயோடு உறவினர் வீட்டில் ஒண்டிக் கிடக்கும் அந்த அநாதை இளைஞனை அண்டை வீட்டார் அருவருப்போடு நோக்கும் பகுதியில் வகுப்பு சலசலத்துக்கொண்டுதான் இருந்தது. அவனுக்காகக் காஞ்சிபுரத்து நண்பன் கடன் வாங்கி அனுப்பிய சிறு தொகையும் கடிதமும் வந்து சேரும் இடத்தில் சலசலப்பு நின்றது. வாசித்து முடித்த பின் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவர், "இது நம்ம விரிவானத்துல வர்ற கதையா?" என்று கேட்டார். அதே கதைதான். அதற்கு முந்தைய வாரம் அவர் அதனைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார் என்று வகுப்பாசிரியர் பின்னர் நம்மிடம் கூறினார். அவர் எழுதிய விடையில் பிழையேதும் இல்லை. கதைதான் அவருக்கு அன்றுவரை கிடைக்கவில்லை.

இதனை நம் கண்டுபிடிப்பென்று சொல்லிக்கொள்ள இடமில்லை. பிரான்சு நாட்டில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992 இல் இதுபற்றியே ஒரு நூல் எழுதினார். வாசிப்பை வெறுத்துவிட்ட பதின்வயதினர்க்கு ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் உரக்க வாசித்துக் காட்டுகிறார். பதிலுக்கு எதையும் கேட்பதில்லை. நாளடைவில் மாணவர் எஞ்சிய பக்கங்களைப் பொறுக்கமாட்டாமல் தாமே வாங்கி வாசிக்கின்றனர். அந்நூலில் அவர் வாசகனுக்குப் பத்து உரிமைகளை வழங்கினார். முதல் உரிமை வாசிக்காமலிருக்கும் உரிமை. பக்கங்களைத் தாவிச் செல்லவும் உரிமையுண்டு, முடிக்காமல் விடவும் உரிமையுண்டு. நம் ஆசிரியப் பெருமக்களிடம் இதனைச் சொன்னால் புருவம் உயர்கிறது. ஆனால் நாம் ஒவ்வொருவரும் அந்த உரிமைகளைத் தாராளமாகப் பயன்படுத்தித்தான் வாசகரானோம். பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கிறோம்.

பிரான்சுவரை போகவும் வேண்டியதில்லை. ஹிராக் குகையில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வாக்கு ஓதுமாறு பணித்த வாக்கு என்பதை மேடைதோறும் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். ஓதுதல் என்பது வாய்விட்டுச் சொல்லி, பிறர் செவிகொள்ளச் செய்வது என்பதை மட்டும் அம்மேடைகளில் சொல்ல மறந்துவிடுகிறோம். தமிழக முஸ்லிம்களின் இலக்கிய வாழ்வும் அவ்வாறே இருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது; அது அச்சேறியது 1842 இல். அச்சேறும் முன்னரும், ஏறிய பின்னரும் அது ஊர்தோறும் ஒருவர் பாட, மற்றொருவர் உரை சொல்ல, ஊரே அமர்ந்து கேட்ட காப்பியம். கிஸ்ஸாவும் மசலாவும் முனாஜாத்தும் வீட்டுப் பெண்கள் கூடியிருந்து ஓதியவை; தமிழ் எழுத்து அறியாதோர் அரபுத் தமிழில் எழுதி வைத்து ஓதினர். கொங்கு மண்ணிலோ உடுக்கையொலியோடு அண்ணன்மார் கதை இரவிரவாகப் பாடப்பெற்றது. கோயில் திண்ணையில் பாரதம் படிக்கப்பெற்றது. எழுத்தறிவு குறைந்த காலத்தில் இலக்கியத்தைக் கேட்டுச் சுவைத்த குடும்பங்கள், எழுத்தறிவு பெருகிய காலத்தில் இலக்கியமின்றி இருக்கின்றன என்பது வியப்பாக இருக்கிறது. ஒருவர் ஓதப் பலர் கேட்கும் வழக்கம் நின்ற இடத்தில் தனித்தனியே கண்ணால் வாசிக்கும் பழக்கம் வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை, நடுவில் வினாத்தாள் வந்துவிட்டது.

இனி, திருப்பூருக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பிள்ளைகளுக்கு இரவில் கதை வாசித்துக் காட்டுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று கல்வியாளர் அறிவுரை கூறுவர். இவ்வூரில் எந்தப் பெற்றோரிடம் சொல்வது? காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழையும் தாய், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளிவருகிறார். ஏற்றுமதிக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாளென்றால் அதுவுமில்லை. தந்தை பவர் டேபிளில், தாய் செக்கிங்கில், அண்ணன் கைமடியில் என்று குடும்பமே பனியன் கம்பெனியில் இருக்கும் வீடுகள் எத்தனை! மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்களுக்கு உதவியாக வீட்டில் பாட்டிகூட இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். வீதித் தமிழ் அவர்களுக்குச் சரளம், ஏட்டுத் தமிழ் எட்டவில்லை. நம் மாணவர் சென்று வந்த வகுப்பில் அத்தகைய பிள்ளைகள் இருவர் இருந்தனர். எழுத்துக்கூட்டிப் படிக்கையில் திணறிய அவர்கள், கதையைக் கேட்கையில் வகுப்பிலுள்ள மற்றவரோடு சேர்ந்து சரியான இடத்தில் சிரித்தனர். செவி முந்திக்கொள்கிறது, கண் பின்னால் வருகிறது. செவியையும் நாம் மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகள் எவ்வழியே நுழைவது?

பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடம் தவறியவர் அடுத்த திங்கட்கிழமை கம்பெனி வாசலில் நிற்கும் ஊர் இது. சனிக்கிழமைச் சம்பளம் கையில் புழங்கத் தொடங்கிய பின் அவர் பள்ளிப் படிக்கட்டு ஏறுவது அரிது. அவர் பள்ளியிலிருந்து எதை எடுத்துக்கொண்டு செல்கிறார் என்று நாம் சிந்திக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் அவருக்கு இனிப் பயன்படாது. வாசிக்கும் பழக்கமொன்று உடன் சென்றிருந்தால், தேநீர் இடைவேளையில் கையில் ஒரு நாளிதழாவது இருக்கும். கைரேகை வைக்கச் சொல்லும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் துணிவாவது இருக்கும். ஐந்தாண்டு கழித்துத் தொலைநிலைக் கல்வியில் சேரும் ஆசையாவது இருக்கும். ஆகவே, வாசிப்பின் சுவை என்று நாம் பேசுவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கைப் பற்றியது என எவரும் எண்ண வேண்டா.

தொழிற்கூடமும் நூலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வரலாறு உண்டு. கியூபா நாட்டின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கையில் மேடையமர்ந்து ஒருவர் நாளிதழும் நாவலும் உரக்க வாசிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. வாசிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். எந்த நாவலை அடுத்து வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். அலெக்சாந்தர் தூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதையை அவர்கள் விரும்பிக் கேட்டதால் ஒரு சுருட்டு வகைக்கே அப்பெயர் அமைந்தது என்பர். அவ்வளவு தொலைவும் வேண்டா. பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கண்ணூர் சென்றால் பீடித் தொழிலாளரிடையே இதே வழக்கம் இருந்தது. ஒருவர் வாசிப்பார், மற்றவர் அவருக்குரிய எண்ணிக்கையைத் தாம் சுற்றி ஈடு செய்வர். 1969 இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கக் கூடங்களிலும் அது தொடர்ந்தது. அந்த வாசிப்பில் வளர்ந்த தந்தையின் பிள்ளைக்குப் புத்தகம் என்பது பள்ளிச் சுமையாகத் தோன்றியிருக்க முடியாது.

நம் ஊரில் நிட்டிங் எந்திரத்தின் அருகிலோ பவர் டேபிள் வரிசையிலோ வாசிப்பது இயலாது, ஓசை விடாது. ஆனால் செக்கிங், மடிப்பு, பேக்கிங் பகுதிகளில் நாள் முழுதும் ஒலிபெருக்கியில் திரைப்பாடல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதில் அரைமணி நேரம் ஒரு கதை ஒலித்தால் உற்பத்தி குறைந்துவிடாது. மாலையில் தாய் வீடு திரும்பி, 'இன்றைக்கு ஒரு கதை கேட்டேன்' என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லக்கூடுமானால் அதற்கு ஈடான வாசிப்புப் பயிற்சி எந்தப் பள்ளியிலும் இல்லை. 1925 இல் குலாம் காதர் சாயபு சகோதரர்கள் கல்கத்தாவிலிருந்து பின்னல் எந்திரம் கொணர்ந்து பேபி நிட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்தே இவ்வூர்ப் பனியன் தொழிலின் கதையைத் தொடங்குவது வழக்கம். வெளியூரில் கண்ட புதுமையைத் துணிந்து கொண்டுவந்த மரபு அது. இந்த மலரை வாசிக்கும் தொழிலதிபர்களில் ஒருவரேனும் அரைமணி நேரத்தைத் துணிந்து சோதித்துப் பார்க்கலாம்.

சமுதாயப் பெரியோர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கதை நூல்களைப் பிள்ளைகள் வாசிப்பது வீண் என்றும், பாடநூல் அல்லது மார்க்க நூல் மட்டுமே வாசிக்கத் தக்கது என்றும் கருதுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனினும் தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885 இல் சித்தி லெவ்வை என்னும் சமுதாயத் தலைவர் கையால் எழுதப்பெற்றது. கண்டியில் வழக்கறிஞராகவும், முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவராகவும் விளங்கிய அவர், கதை எழுதுவதை வீண் என்று எண்ணவில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் 'காதலா? கடமையா?' நாவலை வெளியிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்த அந்தப் பெண்மணியின் நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் அணிந்துரை வழங்கினார். தடை சொன்ன வீடாக இருந்திருந்தால் அந்த நாவல் பிறந்திருக்காது.

ஆசிரியர்களிடம் வேறு வகையான தடை இருக்கிறது. நாம் தமிழாசிரியர், நம் நாவில் எப்போதும் செவ்விலக்கியம். மாணவன் ஒருவன் துப்பறியும் கதையோடு அகப்பட்டால் முகம் சுளிக்கிறோம். கோவை ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்களைப் பேருந்து நிலையத்தில் வாங்கி, ஒருவர் படித்துப் பத்துப் பேருக்குக் கைமாற்றிய தலைமுறை இவ்வூரில் இருந்தது. வாடகை நூல் நிலையங்கள் அவர்களை நம்பியே நடந்தன. அம்புலிமாமாவும், 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் அகநானூறும் படித்தார்கள். படக்கதையைப் பறித்துக்கொண்டவர்கள் அகநானூற்றைக் கொடுத்துவிட்டார்களா என்றால் அதுவுமில்லை. வேகமாகப் பக்கம் புரட்டும் பழக்கம் முதலில் வரட்டும். எதைப் புரட்டுவது என்னும் தெளிவு சற்றுப் பின்னால் வந்தால் தாழ்வில்லை.

தம் ஊரும் தம் பேச்சும் அச்சில் வந்திருப்பதைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஏற்படும் வியப்பையும் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. கொங்குத் தமிழில் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூர்க்காரர். நாவல் வந்தது 1942 இல். (பழனிக்கு அருகில் மற்றொரு கீரனூர் உண்டு. அங்கிருந்து வந்த கீரனூர் ஜாகிர்ராஜா 'மீன்காரத் தெரு', 'கருத்த லெப்பை' முதலிய நாவல்களில் அவ்வூர் முஸ்லிம்களை எழுதினார். இரண்டு கீரனூருக்கும் தமிழ் நாவல் கடன்பட்டிருக்கிறது.) நாகம்மாளின் சில பக்கங்களை வகுப்பில் வாசித்த நம் மாணவர் தஞ்சை மாவட்டத்தவர். உரையாடல்களை அவர் உச்சரித்த விதம் பொறுக்காமல் காங்கயம் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியில்லீங்கண்ணா" என்று திருத்தினாள். அப்படியானால் நீயே வாசியம்மா என்று நூலைக் கொடுத்துவிட்டார். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவள் என்று அறியப்பட்டிருந்த அந்தப் பெண் எட்டுப் பக்கம் நிறுத்தாமல் வாசித்தாள். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நொய்யலில் கலந்த சாயத்தையும் அதனோடு கலந்த வாழ்க்கையையும் பேசுகிறது. ஆறு நிறம் மாறி ஓடியதையும், 2011 சனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய நாவல் எது? தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யை நம் பிள்ளைகளோடு மற்றச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கேட்க வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

நூல்கள் எங்கே கிடைக்கும் என்னும் வினா எழும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதனை நிறைவேற்றிய கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் 1903 இல் இந்தத் திருப்பூரில் பிறந்தவர். தமிழ்க் கலைக்களஞ்சியமும், பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அவர் கண்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கொடைகள். நாம் கட்டும் சொத்துவரியோடு நூலகத்திற்கும் வரி கட்டுகிறோம். எத்தனை பேர் நூலகப் படி ஏறுகிறோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று அவை திறந்திருக்கும். கம்பெனி விடுமுறையும் ஞாயிறுதான். தாயும் பிள்ளையும் சேர்ந்து செல்லத்தக்க நாள் அது ஒன்றே. மாணவியரைப் பொறுத்தவரை தொலைவும் மாலைப் பொழுதும் தடையாகின்றன. அதற்கு மஹல்லாவுக்குள்ளேயே ஓர் அலமாரி வேண்டும். மதரஸா முடிந்த பின் பூட்டிக் கிடக்கும் அறையில் இருநூறு நூல்களை வைத்து, ஒரு பெண்மணியின் பொறுப்பில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க ஜமாஅத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. அலமாரிக்குப் பூட்டு வேண்டா என்பது நம் கருத்து. தொலையும் நூல் யாரோ ஒருவர் வீட்டில்தான் இருக்கும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. பள்ளிக் கல்வித்துறை 2023 இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நால்வகைப் படிநிலையில் சின்னஞ்சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 'தேன்சிட்டு' என்னும் மாணவர் இதழும் வெளியிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் திருப்பூரில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக அழைத்து வரப்படுவதும் நல்ல காட்சி. இவற்றிலெல்லாம் நமக்குள்ள அச்சம் ஒன்றே. எத்தனை நூல் வாசித்தாய் என்னும் பட்டியலும், நூல் மதிப்புரைப் போட்டியும், பரிசும், சான்றிதழும், புகைப்படமும் பின்னாலேயே வந்துவிடுகின்றன. ஏற்கெனவே வாசிப்பவர் பரிசு பெறுகிறார். வாசிக்காதவர் இது தனக்குரியதன்று என்று உறுதி செய்துகொள்கிறார். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை இருக்கும் பள்ளிகளிலும், காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதனைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. வாரத்திற்கு ஒரு பாடவேளையை, தேர்வு வந்தாலும் விடாமல், வினா எழுப்பாத வாசிப்புக்கென்று காத்துக் கொடுக்கும் தலைமையாசிரியர் ஒருவர் கிடைத்தால் மற்ற ஏற்பாடுகள் தாமே அமையும். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமே என்று அஞ்சுவோருக்கு ஒரு விடை உண்டு: நம் மாணவர் சென்று வந்த வகுப்பில் அப்படியொன்றும் நிகழவில்லை.

இவ்வாண்டு மேலும் இரண்டு பள்ளிகள் நம் துறையை அணுகியிருக்கின்றன. ஒன்று பெண்கள் பள்ளி. வாசிப்பதற்கு இதுவரை பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேரே. குறைந்தது இருபது பேர் வேண்டும். முன்னாள் மாணவரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும், இல்லத்தரசியரும் வரலாம். மேடைக் குரல் வேண்டியதில்லை. நாற்பது நிமிடம் நின்று வாசிக்க இயன்றால் போதும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்படுகிறோம். முதலில் எடுத்துச் செல்லவிருப்பது கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'.